பந்தல்காரர் அழகிரி கேட்ட வானிலை

ஸ்ரீரங்கத்தில் அந்த நாளில் பந்தல் போடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ரேடியோவைக் கேட்டுவிட்டுப் பந்தல் போடுகிறவர் அழகிரி ஒருவர்தான். கல்யாணத் தேதியைச் சொல்லி முன்பணம் கொடுக்க வருகிறவர்களிடம், பந்தல் கால்களை முன்கூட்டியே நட்டுவிடுவதாகவும் கூரையை மட்டும் முதல் நாள் வானிலையைக் கேட்டுவிட்டு மூடுவதாகவும் சொல்வார். வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வடக்கு வாசலிலிருந்து அம்மா மண்டபம் வரை இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு இல்லை. ஆனாலும் சிரித்தவர்களே அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

விஷயம் இதுதான். வெயிலுக்குப் போடுவது தட்டைப் பந்தல். தென்னங்கீற்றை ஒரு வரிசை பரப்பிக் கட்டினால் போதும், நிழல் விழும், காற்றும் இறங்கும். மழைக்கென்றால் நடுவே உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்து, கீற்றின் மேல் கீற்று ஏற்றி நெருக்கமாகக் கட்ட வேண்டும். வேலை இரட்டிப்பு. உள்ளே உட்கார்ந்தால் புழுக்கம் ஆளைத் தின்றுவிடும். அதனால் சித்திரை வைகாசியில் யாரும் சரிவுப் பந்தல் கேட்கமாட்டார்கள். ஆனால் சித்திரை வைகாசியில் மழை வராது என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் இல்லை.

அழகிரி ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார். சித்திரை வீதியில் ஒரு கல்யாணம். கண் கூசும் வெயில். நேர்த்தியாக ஒரு தட்டைப் பந்தல் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்தோ இருட்டிக்கொண்டு வந்து கோடை மழை கொட்டியது. தட்டைக் கூரை தண்ணீரைத் தாங்கித் தாங்கி வயிறு பெருத்து, பொறுக்க முடியாத நேரத்தில் மொத்தத்தையும் மாப்பிள்ளை வீட்டார் இலைகளின் மேல் இறக்கிவிட்டது. ரசமும் பாயசமும் ஒன்றாகத் தெருவில் ஓடின. மாப்பிள்ளையின் பெரியப்பா நனைந்த பட்டு வேட்டியோடு எழுந்து நின்று, தலைக்கு மேலே கட்டியது பந்தலா குளமா என்று கேட்டார். வீட்டுக்காரர் மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், அழகிரி என்ன செய்வான், நாளைக்கு வரும் மழை இன்றைக்கு அவனுக்கு எப்படித் தெரியும் என்றார். திட்டியிருந்தால் அழகிரி ஒரு வாரத்தில் மறந்திருப்பார். அந்தப் பரிதாபம்தான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்த வருஷம்தான் முனிசிபாலிட்டிக்காரர்கள் பூங்காவில் ரேடியோ வைத்தார்கள். மரப்பெட்டிக்குள் ரேடியோ, கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கி. பெட்டியின் சாவி அற்புதசாமி என்ற முனிசிபாலிட்டி சிப்பந்தியிடம் இருந்தது. சாயங்காலம் பூட்டைத் திறந்து ரேடியோவைப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்துவிடுவார். செய்தி முடிந்ததும் நாட்டின் வானிலை. அது காஷ்மீரில் தொடங்கும். பஞ்சாபில் புழுதிக்காற்று, ராஜஸ்தானில் அனல், அஸ்ஸாமில் பலத்த மழை என்று ஒவ்வொரு மாகாணமாக இறங்கி, கடைசியில்தான் நம் பக்கம் வந்து சேரும். அடுத்த நாளுக்குத் தமிழ்நாட்டு உள்மாவட்டங்களில் வறண்ட வானிலையா, ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழையா என்ற ஒரே ஒரு வரி. அழகிரிக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காக இந்தியா முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் அவருக்கும் அற்புதசாமிக்கும் ஓர் ஏற்பாடு. அழகிரி ரேடியோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். நம் பக்கம் வந்ததும் அற்புதசாமி மரப்பெட்டியை விரலால் தட்டுவார். டக்கென்று அழகிரி பேச்சை நிறுத்துவார், காதைத் திருப்புவார், கேட்பார், எழுந்து போய்விடுவார். முழுசாகத்தான் கேளுங்களேன் என்று அற்புதசாமி சில நாள் சொல்லிப் பார்த்தார்.

"காஷ்மீர்ல பனி பெஞ்சா எனக்கென்னங்க? அங்க போயா பந்தல் போடப் போறேன்?" என்பார் அழகிரி.

அந்த ஒரு வரி எப்போதும் பலித்தது என்று சொன்னால் பொய். ஓரிரு இடங்களில் மழை என்றால் அந்த ஓரிரு இடம் முசிறியாகவும் இருக்கலாம், மண்ணச்சநல்லூராகவும் இருக்கலாம், ரேடியோ பெயர் சொல்லாது. ஆனால் மழை என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அழகிரி சரிவுப் பந்தல்தான் போடுவார். பாதி தடவை மழை வராது. கல்யாண வீட்டார் விசிறியும் கையுமாகப் புழுங்குவார்கள். மீதித் தடவை அவர்களே அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இப்படியே ஐந்தாறு கோடை நன்றாகப் போயிற்று.

அழகிரிக்கும் வெள்ளையம்மாளுக்கும் ஒரே மகள், பொன்னுத்தாய். அவளுக்கு முசிறியில் மூக்கன் என்ற வாழை விவசாயியின் மகன் மருதையைப் பேசி முடித்தார்கள். மருதைக்கு ஜபல்பூரில் சர்க்கார் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஜபல்பூர் எங்கே இருக்கிறது என்று வெள்ளையம்மாள் கேட்டதற்கு, மெட்ராஸுக்கு அப்பால் என்றார் அழகிரி. அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அவர்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும். அழகிரி மூக்கனிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டார். ஊரில் இருக்கிற மணமக்களுக்கெல்லாம் நிழல் கட்டிக் கொடுத்துவிட்டு, தன் மகளை வேறு ஒருவன் போட்ட பந்தலில் உட்கார வைக்க அவருக்கு மனமில்லை. மூக்கன் நல்ல மனிதர், சரி என்றுவிட்டார். மருதைக்குச் சில நாள் லீவுதான் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வந்து இறங்குவதாக எழுதியிருந்தான்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் அழகிரி ஒரு சாயங்காலம் விடாமல் பூங்காவுக்குப் போனார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றிப் பேசினார். பெட்டி தட்டப்பட்டதும் காதைத் திருப்பினார். ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை என்று வந்தது. போதாதா? மகள் கல்யாணத்துக்கு வழக்கம்போல் முதல் நாள் வரை காத்திருக்க அவருக்கு முடியவில்லை. வாழ்நாளில் போடாத பந்தல் ஒன்றைப் போட்டார். மூன்று அடுக்குக் கீற்று, வழுக்கி விழும் சரிவு, ஓரமெல்லாம் தண்ணீர் வடிய மூங்கில் பிளந்து வைத்த தூம்பு. ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்லிக் கீழே நின்று பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து வெள்ளையம்மாளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

முதல் நாள் காலை மெட்ராஸிலிருந்து வந்த வண்டியில் மருதை வரவில்லை. சாயங்கால வண்டியிலும் வரவில்லை. முசிறியிலிருந்து உறவுக்காரர்கள் பஸ் பிடித்து வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அழகிரி ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஸ்டேஷனில்தான் விஷயம் தெரிந்தது. புயல் ஒன்று ஆந்திரக் கரையில் ஏறி, பெருமழையில் இன்றைய விஜயவாடாவான பெஜவாடாவுக்கு அப்பால் தண்டவாளத்தை வெள்ளம் அரித்துப் போயிருக்கிறது, வடக்கேயிருந்து வரும் வண்டிகள் ஆங்காங்கே நிற்கின்றன.

அவர் நேரே பூங்காவுக்குப் போனார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆந்திராவில் புயலாமே, உங்களுக்குத் தெரியுமா என்று அற்புதசாமியிடம் கேட்டார். அற்புதசாமி அவரை விநோதமாகப் பார்த்தார்.

"நாலு நாளா அதைத்தானே அண்ணே சொல்லிக்கிட்டு இருக்கான். கடல்ல இருக்கு, கிட்ட வருது, கரையேறப் போகுதுன்னு. நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

இங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் பெருமையைப் பேசிக்கொண்டு. ஒரு தந்தி கொடுத்திருந்தால் மருதை ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியிருப்பான். தன் வீட்டு வாசல் அளவுக்கு மழையைக் கேட்டு, அதற்குப் பந்தலும் போட்டாயிற்று. மாப்பிள்ளை வருகிற வழி ஆயிரம் மைல், அதன் மேல் பெய்கிற மழை தன்னுடைய மழை இல்லை என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை முகூர்த்தம் வந்தது, மாப்பிள்ளை வரவில்லை, முகூர்த்தம் போயிற்று. மழையும் வரவில்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மூன்று அடுக்குக் கீற்றுக்குக் கீழே ஜனங்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். சமைத்ததை வீணாக்காமல் பந்தி மட்டும் நடந்தது. தாலி ஏறாத கல்யாணச் சாப்பாட்டை யார் ருசித்துச் சாப்பிடுவார்கள்? தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள்.

சாப்பிட்டதும் பேச்சு கிளம்பியது. முகூர்த்தம் தவறிய பந்தல் வெறுமனே நிற்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் பிரித்துவிட வேண்டும் என்றார் மூக்கனின் ஒன்றுவிட்ட அண்ணன். பிரித்துவிட்டால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம். சகுனமே சரியில்லை, இந்தச் சம்பந்தமே வேண்டுமா என்று யோசிக்கலாம் என்றும் முசிறிக்காரர்களில் சிலர் காதோடு காதாகச் சொன்னார்கள். பஞ்சாங்கத்தில் மறுநாள் காலையும் ஒரு முகூர்த்தம் இருந்தது. அதையும் விட்டால் மருதையின் லீவு தீர்வதற்குள் வேறு முகூர்த்தம் இல்லை, மறுபடி எப்போது லீவு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இந்தக் காதோடு காது பேச்சுகள் என்னவெல்லாம் செய்துவைக்கும் என்று அழகிரிக்குத் தெரியும். எத்தனையோ கல்யாண வாசல்களில் நின்று பார்த்தவர் ஆயிற்றே.

மூக்கன் இரண்டு பக்கமும் பேசாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அழகிரி ஏணியைக் கொண்டுவந்து பந்தலின் ஓரத்தில் சாத்தினார். பிரிக்கிறதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. பெரியவர்கள் சொல்லும்போது சும்மா நிற்க முடியாமல் ஏணியைச் சாத்திவிட்டார், அவ்வளவுதான். அப்போது கூறைப் புடவையை இன்னும் மாற்றாத பொன்னுத்தாய் வாசலுக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் வந்து நின்றதைப் பார்த்து வெள்ளையம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏணியை எடுத்துருங்கப்பா. அடைமழைக்கே தாங்கும்னு சொல்லித்தானே போட்டீங்க? இன்னும் ஒரு நாள் வெயிலுக்கா தாங்காது?" என்றாள்.

குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு மூக்கன் எழுந்து வந்து ஏணியின் மறுமுனையைப் பிடித்தார். சம்பந்திகள் இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் போட்டார்கள். அதற்குப் பிறகு பிரிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. முசிறி உறவுகள் பாதிப் பேர் அன்று அந்தப் பந்தலிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். விடிய விடிய விசிறி ஓசை கேட்டது.

மறுநாள் வெயில் ஏறத் தொடங்கியபோது ஸ்டேஷனிலிருந்து ஒரு குதிரை வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவனை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தலையெல்லாம் கரி. பேண்ட் முழங்கால் வரை சேறு காய்ந்து அட்டையாக ஒட்டியிருந்தது. அழகிரிதான் முதலில் தெரிந்துகொண்டு ஓடினார். ஓடிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு அவனைப் பந்தலுக்குள் கூட்டி வந்தார்.

தண்டவாளம் அரித்துப்போன இடத்துக்கு முந்திய ஸ்டேஷனிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்களாம். மருதை கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறான். பிறகு பெட்டியை அங்கேயே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் தண்டவாளக் கரையோடு நடந்து, உடைப்புக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டியில் ஏறியிருக்கிறான். கல்யாண வேட்டி அந்தப் பெட்டியில் போய்விட்டது. குளித்துவிட்டு வந்தவனுக்கு மூக்கன் தன் வேட்டியைக் கொடுத்தார். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மேளக்காரர் அவசரத்தில் தவில் குச்சியை மறந்துவிட்டு உட்கார்ந்து மறுபடி எழுந்து ஓடினார். தாலி ஏறியது. வெள்ளையம்மாள் அப்போதுதான் அழுதாள். அழகிரியும் அழுதார், ஆனால் கண்ணில் புகை என்றார். ஹோமம் வளர்த்த புகை மூன்று அடுக்குக் கீற்றைத் தாண்ட முடியாமல் உள்ளேயே சுற்றியது உண்மைதான்.

சாப்பிட்டு முடித்துப் பந்தலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது மருதை நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். வெளியே சுள்ளென்று வெயில் அடித்தது. இவ்வளவு கெட்டியாக எதற்குப் போட்டார்கள் என்று கேட்டான். அழகிரி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ரேடியோ, முதுகு, பெட்டியைத் தட்டுவது, கொடுக்காமல் விட்ட தந்தி எல்லாவற்றையும். மருதை கோபிக்கவில்லை. சிரித்தான்.

"இருக்கட்டும் மாமா. வழியெல்லாம் நனைஞ்சுக்கிட்டே வந்தேன். இங்க வந்துதான் காஞ்சேன்" என்றான்.

அன்றிலிருந்து அழகிரி அவனுக்கு அடிமை. ஒரு வாரம் கழித்து மணமக்கள் ஜபல்பூருக்கு ரயில் ஏறினார்கள். மறுநாள் சாயங்காலம் அழகிரி பூங்காவுக்குப் போனார். ரேடியோவுக்கு நேர் எதிரே, அதன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். காஷ்மீரிலிருந்து கேட்டார். பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் முறைத்தார். மத்தியப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி என்று ஒன்று இருக்கிறதென்றும் ஜபல்பூர் அதில் வரும் என்றும் அற்புதசாமி விசாரித்துச் சொல்லியிருந்தார். அங்கே அனல் காற்று நீடிக்கும் என்று ரேடியோ சொன்னதும் அழகிரி எழுந்தார். வீட்டுக்குப் போய் வெள்ளையம்மாளிடம் சொன்னார். பொன்னுத்தாய்க்கு மோர் கரைத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் கவலைப்பட்டாள். மருதை கரைத்துக் கொடுப்பான் என்றார் அழகிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதுவே வழக்கமாயிற்று. காஷ்மீர், பஞ்சாப், உத்தரப் பிரதேசம், அப்புறம் தன் மகளின் ஊர். அதோடு அவர் காது மூடிக்கொள்ளும். கல்யாண வேலை கையில் இருக்கும் நாட்களில் மட்டும் அற்புதசாமி சட்டையைப் பிடித்து உட்காரவைத்துக் கடைசி வரியையும் கேட்க வைப்பார். மற்ற நாளில் அவர் பெட்டியைத் தட்டத் தட்ட அழகிரி பூங்கா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. பொன்னுத்தாய்க்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதம். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் தூங்கவே முடியவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். அழகிரி வாரக்கணக்காகப் பூங்காவில் உட்கார்ந்து அனல், அனல், அனல் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் ரேடியோ குரலை மாற்றாமல் அதே சுருதியில் சொன்னது: மத்தியப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் நாளை வெப்பம் தணியும், இடியுடன் மழை பெய்யக்கூடும். அழகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பின்னால் அற்புதசாமி பெட்டியைத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். அழகிரி திரும்பவில்லை.

மறுநாள் வெள்ளையம்மாள் மகளுக்கு அனுப்புவதற்காக மோரில் ஊறவைத்த மிளகாயை வாசலில் பாயை விரித்துப் பரப்பியிருந்தாள். மத்தியானம் இருவரும் கண்ணயர்ந்த நேரத்தில் இடி இடித்தது. எழுந்து ஓடி வருவதற்குள் மழை கொட்டிவிட்டது. பாயிலிருந்து மிளகாய் தெருவில் இறங்கி மிதந்து போயிற்று. இருவருமாகக் கொட்டும் மழையில் குனிந்து குனிந்து கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கினார்கள்.

வாசற்படி ஏறி நின்றதும் வெள்ளையம்மாள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, நேத்து ரேடியோவுல மழைன்னு சொல்லலையா?"

"சொன்னாங்களே, ஜபல்பூர்ல மழைன்னு."

அவள் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். கொடியிலிருந்து காய்ந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அங்க நல்ல மழையாமா?" என்றாள்.